புண் ஆற்றும் பாசி

குடகு மலையில் தோன்றி, வழியிலுள்ள ஊர்களையெல்லாம் வளப்படுத்தி வரும் காவிரி, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் இரண்டாகப் பிரிகின்றது. வடபால் செல்லும் கிளை கொள்ளிடம் என்றும், தென்பால் செல்லும் கிளை காவிரி என்றும் பெயர் பெறுகின்றன. வந்த ஆறு ஒன்று. பிரிந்த ஆறு இரண்டு. மூன்று கொம்புகள் ஓரிடத்தில் கூடியதுபோலத் தோன்றுதலின் அவ்விடம் முக்கொம்பு எனப்பட்டது. இவ்விரு கிளைகளுக்கும் நடுவே திருவரங்கத் தீவு அமைந்துள்ளது.

கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. அதன் சரிவும் மிகுதி. ஆதலால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்று நீரின் பெரும்பகுதி கொள்ளிடத்தில் பாய்ந்து வீணே கடலை அடைந்தது. காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது. தஞ்சை வயல்கள் நீரின்றி வாடின. இக்குறையைப் போக்க, 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் பொறியியல் அறிஞர் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையை எழுப்பினார். நீரைப் படைத்தவர் அவர் அல்லர். இருந்த நீரை வேண்டிய இடத்திற்கு, வேண்டிய அளவில் செல்லுமாறு செய்ததே அவர் பணி. இயற்கையின் கொடையும் மனிதன் வகுத்த அமைப்பும் ஒன்று கூடியபோது வயல் விளைந்தது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டு, அதே ஆற்றங்கரையில் காணப்படும் மற்றொரு கொடையைப்பற்றி ஆராய்வோம்.

வெள்ளம் வடிந்து நீரின் வேகம் குறைந்த நாள்களில், கரைப் படிக்கட்டுகளில் பசும்பட்டு விரித்தாற்போலப் பாசி படர்ந்திருப்பதைக் காணலாம். நீராட இறங்கும் சிறுவரைப் பார்த்து, ‘படியில் பாசி இருக்கிறது; பார்த்துக் காலை வை’ என்று பெரியோர் எச்சரிப்பர். தண்ணீர்த் தொட்டியில் பாசி படிந்தால் தேங்காய் நார் கொண்டு தேய்த்துக் கழுவுவர். வழுக்கி விழச் செய்வது, குளத்தைக் கெடுப்பது, கழுவி எறியத்தக்கது என்பதே பாசியைப்பற்றி நாம் கொண்டுள்ள எண்ணம். ஆயினும், அப்பாசியின் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்களே இன்று ஆய்வுக்கூடங்களில் ஆறாத புண்ணுக்கு மூச்சு ஊட்டும் பணியில் அமர்த்தப்பட்டிருக்கின்றன. இது வியப்பன்றோ? அந்த வியப்பின் காரணத்தை இப்பாடத்தில் அறிவோம்.

பாசியின் தொழில்

பாசி என்று நாம் பொதுவாகச் சொல்வது ஓரினம் அன்று. பல இனங்களின் தொகுதி. இழை இழையாக வளரும் பச்சைப் பாசி ஒரு வகை. நுண்ணோக்கியின்றிக் காணவியலாத தனித்தனி உயிரணுக்களாக நீரில் மிதப்பது மற்றொரு வகை. நீலப்பச்சைப் பாசி எனப்படுவது, பெயரளவில் பாசியாயினும், உண்மையில் பாக்டீரியா வகுப்பைச் சேர்ந்தது. ஆதலின் அறிஞர் அதனைச் சயனோபாக்டீரியா என்று வழங்குவர். உருவத்தாலும் பிறப்பாலும் வேறுபட்ட இவ்வுயிர்கள் அனைத்தும் தொழிலால் ஒன்றுபட்டவை. கதிரவன் ஒளியைப் பற்றி, நீரையும் கரியமிலவாயுவையும் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. அவ்வாறு ஆக்கும்போது, பிராணவாயு எனப்படும் உயிர்வளியை வெளியிடுகின்றன. இச்செயலே ஒளிச்சேர்க்கை ஆகும்.

நாம் இன்று உள்ளிழுக்கும் உயிர்வளி உலகம் தோன்றிய நாள் முதல் வானில் இருந்ததன்று. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் அது காற்று மண்டலத்தில் குறிப்பிடத்தக்க அளவில் சேரத் தொடங்கியது. அதனைச் சேர்த்தவை நீலப்பச்சைப் பாசியின் முன்னோராகிய நுண்ணுயிர்களே. மரமும் செடியும் தோன்றுவதற்கு நெடுங்காலத்திற்கு முன்பே இவ்வுலகை மூச்சு விடத்தக்க இடமாக ஆக்கியவை அவை. படியில் வழுக்கும் பாசியை மிதிக்கும்போது நம் உலகின் மிகப் பழைய தொழிலாளர் குலத்தை மிதிக்கின்றோம் எனலாம்.

பாசி உயிர்வளியை வெளியிடுவதை நாமே காணலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரை நிரப்பிச் சிறிது பச்சைப் பாசியை இட்டு வெயிலில் வைத்தால், சிறிது நேரத்தில் பாசி இழைகளின்மேல் முத்து முத்தாகக் குமிழிகள் தோன்றும். குவளையை இருட்டறையில் வைத்தால் புதிய குமிழிகள் தோன்றுவது நின்றுவிடும். ஒளி உண்டேல் தொழில் உண்டு; ஒளி இன்றேல் தொழில் இல்லை. இருளில் பாசியும் நம்மைப் போலவே உயிர்வளியைச் செலவிடும். இதனை நன்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

செருமானிய அறிஞர் எங்கல்மான் 1882-ஆம் ஆண்டில் நுட்பமான ஆய்வு ஒன்றைச் செய்தார். பாசி இழையொன்றின்மீது முப்பட்டகக் கண்ணாடி வழியாக ஒளியைப் பாய்ச்சினார். இழையின் மீது வானவில்லின் நிறங்கள் வரிசையாகப் படிந்தன. அந்நீரில் உயிர்வளியை நாடி ஓடும் பாக்டீரியாக்களை விட்டார். அவை செந்நிற ஒளியும் நீலநிற ஒளியும் பட்ட இடங்களில் திரண்டு மொய்த்தன. பச்சை ஒளி பட்ட இடத்தில் மிகச் சிலவே இருந்தன. எவ்வொளியில் பாசி மிகுதியாகத் தொழில் செய்கின்றது என்பது இதனால் விளங்கியது. அதனோடு மற்றோர் உண்மையும் விளங்கிற்று. பாசி வெளியிடும் உயிர்வளியை அருகிலுள்ள வேறோர் உயிர் உடனே பயன்படுத்திக்கொள்ள இயலும் என்பதே அது. அன்று பாக்டீரியாக்கள் பெற்ற பயனை இன்று மனித உடலின் உயிரணுக்கள் பெறுமாறு செய்யலாகாதா என்னும் கேள்வியே நாம் காணும் புதிய மருத்துவத்திற்கு வித்து.

ஆறாத புண்

வயலில் வெறுங்காலுடன் உழைக்கும் உழவர் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். அவருக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு நோய் உண்டு. ஒருநாள் அவர் உள்ளங்காலில் முள் தைத்தது. நோயினால் காலின் உணர்ச்சி மங்கியிருந்தமையால் தைத்ததை அவர் அறிந்திலர். நான்கு நாள் கழித்துக் கால் வீங்கியபோதே புண்ணைக் கண்டார். மற்றவர்க்கு ஒரு வாரத்தில் ஆறும் சிறு புண், அவருக்கு மாதங்கள் கடந்தும் ஆறவில்லை. புண் ஆழ்ந்தது, சீழ் கொண்டது, விரல் கறுத்தது. இறுதியில், உயிரைக் காக்க வேண்டுமாயின் காலின் ஒரு பகுதியை அகற்றுதல் வேண்டும் என்று மருத்துவர் கூறும் நிலை வந்தது. உழைத்து உண்ணும் ஒருவருக்குக் கால் போவது குடும்பத்தின் சோறு போவதற்கு ஒப்பாகும்.

இத்துன்பம் அரிதாக நேர்வதன்று. 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் மக்கள் நீரிழிவு உடையவர் என்று மதிப்பிட்டுள்ளது. அவருள் பலர் காற்புண்ணால் வருந்தும் இடர் உடையவர்.

புண் ஏன் ஆறவில்லை? புண் ஆறுதல் என்பது ஒரு கட்டட வேலை போன்றது. முதலில் வெள்ளையணுக்கள் வந்து, புகுந்த கிருமிகளைக் கொல்லுதல் வேண்டும். பின்பு புதிய உயிரணுக்கள் பெருகுதல் வேண்டும். அவற்றைத் தாங்கும் கொலாஜன் என்னும் புரத நார்கள் பின்னப்படுதல் வேண்டும். அதன்மேல் புதிய தோல் படர்தல் வேண்டும். இவ்வேலைகள் ஒவ்வொன்றிற்கும் உயிர்வளி தேவை. நாம் மூக்கால் இழுக்கும் உயிர்வளியை இரத்தமே புண்ணுக்குச் சுமந்து செல்கின்றது. நீரிழிவினால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுற்றால் அச்சுமை வந்து சேர்வதில்லை. வாய்க்கால் தூர்ந்துபோனால் கடைமடை வயல் காய்வது போல, இரத்தக் குழாய் பழுதுற்றால் கால் நுனி காய்கின்றது.

இக்குறையைப் போக்க மருத்துவர் சில வழிகளைக் கையாள்வர். அழுத்தம் மிகுந்த அறையினுள் நோயாளியை இருத்தித் தூய உயிர்வளியைச் சுவாசிக்கச் செய்தல் ஒரு முறை. அதற்குப் பெரிய பொறியும் பெரும்பொருளும் வேண்டும். புண்ணின்மீது உயிர்வளியைக் காற்றாக நேரே செலுத்துதல் மற்றொரு முறை. ஆனால் காற்று வடிவிலுள்ள உயிர்வளி ஈரமான சதையினுள் எளிதில் ஊடுருவுவதில்லை; நீரில் கரைந்த உயிர்வளியே எளிதில் ஊடுருவும். நீரிலேயே வாழ்ந்து, நீரிலேயே உயிர்வளியை இடைவிடாது கரைத்துத் தரும் தொழிலாளி யார் என்று தேடிய அறிஞர் கண்ணில் பாசி பட்டது இயல்பேயாம்.

இயற்கையும் அமைப்பும்

அங்ஙனமாயின் பாசியை அள்ளிப் புண்ணில் வைத்துக் கட்டினால் போதாதோ என்று நீங்கள் கேட்கலாம். போதாது; அது பெருந்தீங்கும் ஆகும். ஆற்றுப் பாசியில் எண்ணிறந்த கிருமிகள் கலந்திருக்கும். நீலப்பச்சைப் பாசியுள் சில இனங்கள் ஈரலைக் கெடுக்கும் கொடிய நஞ்சை ஆக்கும். அன்றியும், கட்டிய பாசி உலர்ந்து மடியும், மடிந்தது அழுகும். கரையில்லாத ஆறு வயலுக்கு உதவாமல் ஊரை அழிப்பது போல, கட்டுப்பாடற்ற பாசி மருந்தாகாமல் நோயாகவே முடியும். ஆதலால் நஞ்சற்ற இனத்தைத் தெரிந்து, தூய நிலையில் வளர்த்து, அது உயிரோடு இருக்கவும் எல்லை கடவாதிருக்கவும் தக்க இருப்பிடம் ஒன்றைச் செய்தல் வேண்டும். இங்கேதான் செயற்கைப் பொருள் பற்றிய அறிவு பாசிக்குத் துணையாக வருகின்றது.

அத்தகைய இருப்பிடங்களுள் ஒன்று ஆல்ஜினேட் என்னும் பொருளால் ஆவது. கடலில் வளரும் பழுப்புநிறப் பாசிகளிலிருந்து இது எடுக்கப்படுகின்றது. நம் மன்னார் வளைகுடாவிலும் சர்காசம் முதலிய பழுப்புப் பாசிகள் வளர்கின்றன. சோடியம் ஆல்ஜினேட்டை நீரில் கரைத்தால் கஞ்சி போன்ற கரைசல் கிடைக்கும். அதனைத் துளித்துளியாகக் கால்சியம் கலந்த நீரில் விட்டால், ஒவ்வொரு துளியும் விழுந்தவுடன் இறுகி, வெந்த ஜவ்வரிசி போன்ற மணியாகும். தொட்டால் நுங்கு போல மென்மையாக இருக்கும். கரைசலில் முன்னரே பாசியைக் கலந்திருந்தால், அப்பாசி மணியினுள் சிறைப்பட்டு உயிரோடு வாழும். மணியின் நுண்ணிய வலைப்பின்னல் வழியே நீரும் வளியும் உணவும் சென்று வரும். பாசியின் உயிரணு வெளிவருதல் அரிது. ஒளியும் தடையின்றி உட்புகும்.

சீன நாட்டு நான்ஜிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் 2020-ஆம் ஆண்டில் இம்முறையைப் புண்ணுக்குப் பயன்படுத்திய செய்தியை வெளியிட்டனர். சினெக்கோகாக்கஸ் என்னும் நீலப்பச்சைப் பாசியை அவர்கள் தேர்ந்தனர். அதன் ஓர் உயிரணுவின் நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே ஆகும். அதனை மணிகளுள் அடைத்து, அம்மணிகளை ஒரு பட்டையினுள் வைத்துப் புண்ணின்மேல் ஒட்டும் வகையில் அமைத்தனர். பட்டையின் மேற்புறம் ஒளி புகத்தக்கது. கீழ்ப்புறம் கரைந்த உயிர்வளி புகத்தக்க மெல்லிய சவ்வு. ஒளி பட்டபோது பாசி உயிர்வளியை ஆக்கியது. அது நீரில் கரைந்து புண்ணினுள் சென்றது. நீரிழிவு உடைய சுண்டெலிகளில் இதனைச் சோதித்தபோது, உயிர்வளியைக் காற்றாகச் செலுத்திய முறையைவிட விரைவாகப் புண் மூடியது. கழுவி எறியும் பாசியின் உறவினம் ஒரு சிறு பட்டையினுள் மருத்துவனாக அமர்ந்தது!

எலியிலிருந்து மனிதன் வரை

அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அறிஞர் இதற்கு முன்னரே, 2017-ஆம் ஆண்டில், இன்னும் துணிவான முயற்சி ஒன்றை வெளியிட்டிருந்தனர். மாரடைப்பின்போது இதயத்தின் ஒரு பகுதிக்கு இரத்தம் செல்வது தடைபடுகின்றது. உயிர்வளியின்றி அப்பகுதியின் தசை மடிகின்றது. எலியின் இதயத்தில் அத்தகைய தடையை உண்டாக்கி, வாடிய தசையினுள் சினெக்கோகாக்கஸ் பாசியை ஊசி வழியே செலுத்தினர். திறந்த இதயத்தின்மீது ஒளி பாய்ச்சினர். இரத்தம் வாராத இடத்தில் பாசி உயிர்வளி தந்தது. ஒளி பெற்ற எலிகளின் இதயம், இருளில் வைக்கப்பட்ட எலிகளின் இதயத்தைவிட நன்கு தொழிற்பட்டது. ஆயினும் மனிதனின் இதயம் மார்புக்கூட்டினுள் இருளில் இருப்பது. அங்கே ஒளியை எவ்வாறு கொண்டுசெல்வது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. ஒளி இன்றேல் தொழில் இல்லை என்று குவளைப் பாசியிடம் நாம் கற்ற பாடத்தை இங்கே நினைவுகூர்க.

புண்ணோ உடலின் வெளியே ஒளி படும் இடத்தில் இருப்பது. ஆதலின் மனிதரில் முதற்சோதனை அங்கே நிகழ்ந்தது பொருத்தமே. தென் அமெரிக்காவின் சிலி நாட்டு மருத்துவர், கிளமைடோமோனாஸ் என்னும் பச்சைப் பாசியைக் கொலாஜனால் ஆன கடற்பஞ்சு போன்ற சாரத்தில் விதைத்தனர். தோல் முழுதும் இழந்த ஆழ்ந்த புண்ணில் அச்சாரத்தைப் பொருத்தி, அதன்மேல் ஒளி விளக்கு அமைத்தனர். 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் ஆய்வுரை, எட்டு நோயாளரிடம் செய்த சோதனையைக் கூறுகின்றது. பாசியை உடல் பகையாகக் கருதிக் கொடிய எதிர்ப்புக் காட்டவில்லை என்பதே அதன் தலையாய முடிபு. எட்டுப்பேர் என்பது சிறிய தொகை. இது தீங்கற்றதா என்று அறியவே அச்சோதனை செய்யப்பட்டது. பிற மருந்தினும் இது சிறந்தது என்று நாட்டுவதற்கு இன்னும் பெரிய சோதனைகள் வேண்டும். முதற்படி ஏறிவிட்டோம், மாடி இன்னும் உயரத்தில் உள்ளது.

ஓடமும் சாயமும்

பாசியின் பயன் உயிர்வளியோடு முடிவதில்லை. அதன் வடிவமும் இயக்கமும் நிறமுங்கூட மருத்துவத்திற்கு உதவுகின்றன. கிளமைடோமோனாஸ் தன் உடலின் முன்புறத்திலுள்ள இரண்டு நுண்ணிழைகளைத் துடுப்புகளாகக் கொண்டு நீந்தும். அமெரிக்காவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ நிலையத்து அறிஞர், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பொதிந்த நுண்துகள்களை இப்பாசியின் மேல் ஒட்டினர். நுரையீரல் அழற்சியால் சாகும் நிலையிலிருந்த சுண்டெலிகளின் மூச்சுக்குழாய் வழியே அவற்றைச் செலுத்தினர். பாசி ஓடமாயிற்று, மருந்து சரக்காயிற்று. நுரையீரலெங்கும் நீந்திச் சென்று அது சரக்கை இறக்கியது. 2022-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வில், மருந்து பெறாத சுண்டெலிகள் மூன்று நாளில் மடிந்தன. பாசி ஓடத்தால் மருந்து பெற்றவை அனைத்தும் முப்பது நாள் கடந்தும் வாழ்ந்தன.

சுருள் வடிவான ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசியின்மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பூசி, காந்தத்தினால் அதனை விரும்பிய வழியில் செலுத்தும் முறையை ஹாங்காங் அறிஞர் 2017-ஆம் ஆண்டில் காட்டினர். திருகாணி போன்ற அதன் இயற்கை வடிவமே அதற்கு முன்னேறும் ஆற்றலைத் தந்தது. இத்தகைய நுண்ணிய திருகை மனிதன் செதுக்க வேண்டுமாயின் எத்துணை உழைப்பு வேண்டும்! இயற்கை அதனைக் குட்டைநீரில் கோடிக்கணக்கில் வளர்த்து வைத்திருக்கின்றது.

இனி நிறத்தைக் காண்போம். சில பாசிகளில் பச்சையத்தோடு, பைக்கோஎரித்ரின் என்னும் செந்நிறப் புரதமும் உண்டு. தக்க ஒளி பட்டால் இது சுடர்விட்டு ஒளிரும். இரத்தத்திலுள்ள அணுக்களை வகைப்படுத்தி எண்ணும் கருவிகளில் அடையாளச் சாயமாக இது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றது. நோயின் நிலையை அறிய மருத்துவர் காணும் ஒளிப்புள்ளிகள் பலவற்றின் பின்னே இவ்வகைப் பாசியின் நிறம் மறைந்து நிற்கின்றது.

திருச்சிராப்பள்ளியின் பங்கு

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள். நமக்கு இதில் பங்கில்லை என்று எண்ணிவிடல் ஆகாது. பாசியியலில் தமிழகம் நெடிய மரபு உடையது. சென்னையில் பேராசிரியராக விளங்கிய எம். ஓ. பி. ஐயங்கார் அவர்கள் இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். 1886-இல் பிறந்து 1963-இல் மறைந்த அப்பெரியார், குளங்களிலும் குட்டைகளிலும் கடற்கரையிலும் பாசிகளைத் தேடிச் சேர்த்து ஆராய்ந்தார். அவர்தம் மாணவராகிய டி. வி. தேசிகாச்சாரி, நீலப்பச்சைப் பாசிகளைப்பற்றி ‘சயனோபைட்டா’ என்னும் பெருநூலை 1959-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இந்தப் பாசி எது என்று ஐயுறும் ஆய்வாளர் இன்றும் எடுத்துப் பார்க்கும் நூல் அது.

இம்மரபின் தொடர்ச்சியாகத் திருச்சிராப்பள்ளியில் ஒரு நிலையம் தோன்றியது. புதுக்கோட்டை செல்லும் சாலையில் அமைந்துள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு, கடல்வாழ் நீலப்பச்சைப் பாசிகளுக்கான தேசிய நிலையம் 1991-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பேராசிரியர் ஜி. சுப்பிரமணியன் அதனை நிறுவி வளர்த்தார். இந்தியக் கடற்கரைகளிலிருந்து திரட்டிய பாசியினங்கள் அங்கே உயிரோடு பேணப்படுகின்றன. நூலகத்தில் நூல்கள் வரிசையாக இருப்பது போலக் கண்ணாடிக் குடுவைகளில் பாசிகள் வரிசையாக வாழும் உயிர்நூலகம் அது. கடல் இல்லாத ஊரில் கடற்பாசிக்கு ஒரு வீடு அமைந்தது எண்ணி மகிழத்தக்கது.

பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளுள் இரண்டினை மட்டும் குறிப்போம். ஆசிலட்டோரியா என்னும் கடற்பாசி இனத்தை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலோடு சேர்த்தபோது, கரைசலிலிருந்த வெள்ளி நுண்ணிய துகள்களாக மாறியதை 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வெள்ளி கிருமிகளை ஒடுக்கவல்லது. ஆதலின் புண்ணுக்கு இடும் கட்டுத்துணிகளில் அது சேர்க்கப்படுகின்றது. பெருவெப்பமும் கடிய வேதிப்பொருளும் இன்றி, பாசியின் புரதத்தைக்கொண்டே அத்துகளை ஆக்கலாம் என்பது அவ்வாய்வின் பயன். அடுத்து, பாசியின் செந்நிறப் புரதமாகிய பைக்கோஎரித்ரினைக் கொண்டு, கேட்மியம் சல்பைடு என்னும் பொருளின் ஒளிரும் மீநுண் துகள்களை ஆக்கி 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இத்தகைய துகள்கள் உயிர்ப்பொருள்களுக்கு அடையாளமிட உதவும். கேட்மியம் நஞ்சாதலின் அதனை உடலினுள் செலுத்துதல் இடருடையது. ஆய்வுக்குவளையில் அடையாளமாகப் பயன்படுத்துதல் வேறு, மருந்தாகத் தருதல் வேறு என்பதை அறிந்தே இவ்வாய்வுகளை மதித்தல் வேண்டும்.

அணை உரைக்கும் பாடம்

இனி மீண்டும் முக்கொம்புக்கு வருவோம். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. 180 ஆண்டுகளுக்கு மேலாக உழைத்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் ஓரிரவில் உடைந்து நீரோடு சென்றன. கண்டோர் திகைத்தனர். மணல் மூட்டைகளையும் பாறைகளையும் இட்டு உடைப்பை அடைக்க இரவு பகலாக உழைத்தனர். பின்னர் அதன் அருகே புதிய கதவணை கட்டப்பெற்றது. நெடுநாள் நன்கு நின்றது என்னும் ஒன்றே ஓர் அமைப்பு இனியும் நிற்கும் என்பதற்குச் சான்றாகாது. இடையறாது சோதித்துப் பேணுதல் வேண்டும் என்பதே அவ்வுடைப்பு நமக்கு உரைத்த பாடம்.

கல்லால் ஆன அணைக்கே இப்பாடம் பொருந்துமாயின், உயிருள்ள பாசியை மனித உடலில் அமர்த்தும் மருத்துவத்திற்கு அது எத்துணை மடங்கு பொருந்தும்! தீர்க்க வேண்டிய சிக்கல்கள் பல உள. பட்டையின் மேல் நாள்தோறும் ஒளி பட வேண்டும். இரவில் பாசி உயிர்வளியை எடுத்துக்கொள்ளாதவாறு காக்க வேண்டும். மடிந்த பாசியை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். செய்யும் இடத்திலிருந்து நோயாளியின் வீடு வரை அது உயிரோடு சென்று சேர வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றல் நெடுநாள் கழித்து என்ன செய்யும் என்பதையும் அறிய வேண்டும். எலியில் கண்ட நலம் மனிதரிடம் அவ்வாறே காணப்படும் என்று முன்கூட்டியே முடிவு கட்டுதல் ஆகாது. இவ்வையங்கள் தீர்ந்த பின்னரே ஊர் மருத்துவமனையில் இப்பட்டை இடம்பெறும். அதுவரை நீரிழிவு உடையவர் நாள்தோறும் தம் பாதத்தைத் தாமே பார்த்து, சிறு புண் கண்டாலும் மருத்துவரிடம் காட்டுவதே காலைக் காக்கும் வழியாகும். பாதத்தைக் குனிந்து பார்க்க இயலாத முதியோருக்கு அப்பணியை வீட்டிலுள்ள இளையோர் செய்யலாம். அது சிறிய பணிதான். ஆயினும் ஒருவரின் காலைக் காக்கவல்லது.

மாணவர்களே! காட்டன் காவிரியைப் படைக்கவில்லை. அதற்கு வழி வகுத்தார். நான்ஜிங்கிலும் சிலியிலும் உள்ள அறிஞர் பாசியைப் படைக்கவில்லை. அதற்கு இருப்பிடம் வகுத்தனர். இயற்கையின் ஆற்றலை நன்கு அறிதல், அதற்கேற்ற அமைப்பைச் செய்தல், செய்த அமைப்பை நேர்மையோடு சோதித்தல் ஆகிய மூன்றும் கூடினாலன்றி அறிவியல் மக்களுக்குப் பயன்படாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மதகு உடையும்.

அடுத்த முறை நீங்கள் முக்கொம்புக்குச் செல்லும்போது, படிக்கட்டில் காலை ஊன்றி வைத்து இறங்குங்கள், பாசி வழுக்கும். ஆனால் இறங்கியபின் சற்றே குனிந்து பாருங்கள். வெயில் படும் அப்பசுமையின்மேல் சிறு குமிழி ஒன்று தோன்றி, மெல்ல வளர்ந்து, விடுபட்டு மேலே செல்லும். ஆறாத புண்ணோடு எங்கோ வருந்தும் ஒருவருக்கு அக்குமிழியைக் கொண்டுசேர்க்கும் வழியை இன்னும் செம்மையாக வகுக்கும் பணி, இன்று இப்பாடத்தைப் படிக்கும் உங்களுள் ஒருவருக்குக் காத்திருக்கின்றது.